வெள்ளை அங்கியும் செவிலியர் உடையும்

அந்த ஆய்வறைக்கு வந்த மாணவிகள் ஒவ்வொருவருக்கும் போட்டுக்கொள்ள ஓர் உடை கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது தொளதொளவென்ற ஓர் அங்கி. அதை நீட்டும்போது ஆய்வாளர், தனக்குத் தையல் அவ்வளவாக வராது, தைத்து முடித்துப் பார்த்தால் கு கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் மாட்டிக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். வேறு சிலருக்குச் செவிலியர் உடை. ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கியது என்றார். இரண்டு வகையிலும் பாதிப் பேருக்குப் பெயர் உண்டு. யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். மீதிப் பாதி யாரென்று யாருக்கும் தெரியாது.

வேலை இதுதான். வேறோர் இடத்தில் ஒருவர் பாடம் படிக்கிறார். தப்பாகப் பதில் சொன்னால் அவருக்கு மின்னதிர்ச்சி. அதைக் கூட்டுவதா குறைப்பதா என்பது மாணவியின் கையில். (உண்மையில் யார் மீதும் மின்சாரம் பாயவில்லை. மாணவிகளுக்கு மட்டும் அது தெரியாது.)

ராபர்ட் ஜான்சன், லெஸ்லி டவுனிங் என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் இதன் முடிவை வெளியிட்டார்கள். கிளான் அங்கி போட்டவர்கள் அதிர்ச்சியைக் கூட்டினார்கள். பெயரும் மறைந்திருந்தபோது இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். இது எல்லோரும் எதிர்பார்த்ததே. செவிலியர் உடை போட்டவர்கள் குறைத்தார்கள். அவர்களிலும் அதிகமாகக் குறைத்தவர்கள் யார் தெரியுமா? பெயர் மறைக்கப்பட்டவர்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறோம்.

இணையத்தில் இனவெறி ஏன் இப்படிப் பெருகுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பேர் தெரியாதுங்கிற தைரியம்." நமக்கு மொட்டைக் கடுதாசி புதிதல்ல. பேசி முடித்த கல்யாணத்தைக் கலைத்த கடுதாசி, ஆபீசில் ஒருவரின் பதவி உயர்வை நிறுத்திய கடுதாசி என்று ஊருக்கு ஊர் கதை இருக்கிறது. கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கப் பார்ப்பார்கள்; எழுதியவர் இடது கையால் எழுதியிருப்பார். ஆனால் மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர் தனி ஆள். ராத்திரி உட்கார்ந்து எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அதைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டார். அவரைத் தட்டிக்கொடுக்கவும் யாரும் இல்லை. அப்படி எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, கைதட்டி, அடுத்ததை அதைவிடக் காரமாக எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? இணையத்தில் நடந்தது அதுதான்.

பெயர் மறைந்தால் மனிதன் தன்னை இழந்துவிடுவான், உள்ளே கட்டிக்கிடக்கும் மிருகம் அவிழ்த்துக்கொள்ளும் என்பது பழைய எண்ணம். கூட்டத்தின் மனம் பற்றி 1895-ல் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போன் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். 1969-ல் ஃபிலிப் ஜிம்பார்டோ அதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் தந்தார். நியூயார்க் பல்கலைக்கழக மாணவிகளில் சிலருக்குத் தலையை மூடும் முக்காடும் பெரிய அங்கியும் போட்டுவிட்டார், மற்றவர்களுக்குப் பெயரட்டை. முக்காட்டுக்காரர்கள் அதிர்ச்சிப் பொத்தானைச் சுமார் இரண்டு மடங்கு நேரம் அழுத்திப் பிடித்தார்கள். பாடப்புத்தகங்களில் ஏறிவிட்ட சோதனை இது. பத்து வருஷம் கழித்து ஜான்சனும் டவுனிங்கும் எழுப்பிய சந்தேகம் எளிமையானது. அந்த முக்காடு முகத்தை மறைத்தது சரி. கூடவே வேறு ஒன்றையும் நினைவூட்டியதே? அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தலையை மூடிய அங்கியைப் பார்த்தால் யார் ஞாபகம் வரும்?

ஸ்டீஃபன் ரைக்கர், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ், டாம் போஸ்ட்மஸ் ஆகிய மூவரும் 1990களில் இந்தச் சந்தேகத்தை ஒரு கோட்பாடாக வளர்த்தார்கள். பெயர் போனதும் மனிதன் வெறுமையாகிவிடுவதில்லை என்றார்கள். 'நான்' மங்குகிறது, அந்த இடத்தில் 'நாம்' தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அந்த 'நாம்' யாரென்பதைச் சூழல் முடிவு செய்கிறது. செவிலியர்களா, கிளான்காரர்களா? போஸ்ட்மஸும் ஸ்பியர்ஸும் அதுவரை நடந்திருந்த 60 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்து அலசி 1998-ல் வெளியிட்டார்கள். பெயர் மறைந்தவர்கள் எல்லா ஒழுங்கையும் உதறிவிடுகிறார்கள் என்பதற்கு அதில் வலுவான ஆதாரம் இல்லை. தாங்கள் நிற்கும் இடத்தில் எது வழக்கமோ, அதற்கு அவர்கள் இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுகிறார்கள் என்பதே கிடைத்தது.

இதைப் புரிந்துகொண்டால் இனவெறிக் கூடாரங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள், அந்த இடத்தின் வழக்கத்துக்கு அச்சுப் பிசகாமல் நடக்கிறவர்கள். அங்கே ஒருவர் கருணையோடு ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும். என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

இன்னொரு பழைய ஆய்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹோப் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மையர்ஸும் ஜார்ஜ் பிஷப்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். இன விஷயத்தில் தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்கள் ஒரு பக்கம், குறைவாக உள்ளவர்கள் மறுபக்கம். அந்தந்த வகையினரைத் தங்களுக்குள் இனப் பிரச்சினை பற்றிப் பேசவிட்டார்கள். பேசி முடித்ததும் மறுபடி அளந்தார்கள். தப்பெண்ணம் உள்ளவர்களுக்கு அது கூடியிருந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் குறைந்திருந்தது. 1970-ல் இது வெளியானது. வெளியிலிருந்து வந்து யாரும் பிரசாரம் செய்யவில்லை. ஒரே மனசுள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியதே போதுமானதாக இருந்தது.

*

இனவெறியர்கள் கணினிக்கு வந்தது நாம் நினைப்பதைவிட மிக முன்னால். 1984-ல், இன்றைய இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, கிளானில் தலைவராக இருந்த லூயிஸ் பீம் என்பவர் 'ஆரியன் நேஷன்ஸ்' என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்காகத் தொலைபேசிக் கம்பி வழியாக இயங்கும் ஒரு கணினித் தகவல் பலகையைத் தொடங்கினார். வீட்டுக் கணினியும் மோடமும் இருந்தால் எண்ணைச் சுழற்றி உள்ளே போகலாம். கனடா இத்தகைய பிரசுரங்களை எல்லையில் தடுத்துக்கொண்டிருந்தது. சுங்கச் சோதனையில் பிடிபடாமல் அதே எழுத்து இப்போது கம்பி வழியாக எல்லை கடந்தது. யூத வெறுப்பைக் கண்காணிக்கும் ஏடிஎல் அமைப்பு 1985 ஜனவரியிலேயே இதைப் பற்றி எச்சரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது கணினி என்பது பெரும்பாலோருக்குப் படத்தில் பார்த்த பொருள்.

இதே பீம் 'தலைவரில்லா எதிர்ப்பு' என்ற உத்தியையும் எழுதிப் பரப்பினார். அமைப்பு வேண்டாம், உறுப்பினர் பட்டியல் வேண்டாம், உத்தரவும் வேண்டாம். கருத்தை மட்டும் காற்றில் விடுங்கள், செய்ய வேண்டியதைத் தனி ஆட்கள் தாங்களே செய்வார்கள் என்பது அதன் சாரம். அந்த உத்தி எதற்காகக் காத்திருந்ததோ, அந்தக் கருவி பின்னால் வந்து சேர்ந்தது.

டான் பிளாக் என்ற இன்னொரு கிளான் தலைவர், கரீபியத் தீவான டொமினிகாவின் அரசைக் கவிழ்க்க ஆயுதங்களோடு கப்பலேறப் போனபோது 1981-ல் கைதானார். சிறையில் கணினி கற்றார். 1995-ல் 'ஸ்டார்ம்ஃபிரன்ட்' என்ற வெள்ளை இனவெறித் தளத்தைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளில் பதிவு செய்தவர்கள் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. அங்கே பெரும்பாலோருக்கும் புனைபெயர். ஆனால் அந்தப் புனைபெயருக்கு ஒரு சரித்திரம் உண்டு. எத்தனை வருஷமாக இருக்கிறார், எத்தனை பதிவு போட்டார் என்பது பக்கத்திலேயே தெரியும். ஊரில் பெயரில்லாதவர்களுக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்தது. வெறுப்பு அமைப்புகளைக் கண்காணிக்கும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அத்தளத்தின் பயனர்கள் கொன்றவர்கள் நூறு பேருக்கு அருகில். அவர்களில் 77 பேர் 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒரே ஆளால் கொல்லப்பட்டவர்கள்.

முழுமையான பெயரின்மை என்பது வேறு ஊற்றிலிருந்து வந்தது. ஜப்பானில் 1999-ல் தொடங்கிய 2சேனல் போன்ற பலகைகளில் பதிவு செய்யவே வேண்டாம். அத்தகைய பலகை ஒன்றைப் பார்த்து 2003-ல் கிறிஸ்டோஃபர் பூல் என்ற 15 வயது அமெரிக்கப் பையன் 'ஃபோர்சேன்' படப்பலகையைத் தொடங்கினான். அவன் நோக்கம் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பற்றி அரட்டை அடிப்பதுதான்.

அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் விஷயம் அந்த இயந்திரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு படத்தையும் இரண்டு வரியையும் போடுகிறீர்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரிலி' என்று வருகிறது. எல்லோருக்கும் அதே பெயர்தான். யாராவது பதில் போட்டால், உங்கள் பதிவும் பதில்களும் சேர்ந்த இழை மேலே ஏறும். பதில் வராவிட்டால் கீழே கீழே இறங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து விழுந்து, அழிந்துபோகும். நிரந்தரச் சேமிப்பு கிடையாது. 2011-ல் மைக்கேல் பெர்ன்ஸ்டைனும் அவரது சகாக்களும் அந்தத் தளத்தின் மிகப் பரபரப்பான பகுதியை ஆராய்ந்தபோது, 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் எந்தப் பெயரும் இல்லை. ஓர் இழையின் இடைநிலை ஆயுள் நான்கு நிமிஷத்துக்கும் குறைவு.

அந்த நான்கு நிமிஷத்தில் ஒரு பதிவு பிழைக்க வேண்டும். நிதானமாக எழுதியது பிழைக்காது. பார்த்தவன் திடுக்கிட்டுப் பதில் போட வேண்டும். கோபத்தில் போட்டாலும் சரி, கெக்கலித்துப் போட்டாலும் சரி, இழை மேலே ஏறும். ஆக நேற்று திடுக்கிட வைத்தது இன்று சலித்துவிடுகிறது, இன்று அதற்கு ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாத இடத்தில் 'நான் உங்களில் ஒருவன்' என்பதை எப்படிக் காட்டுவது? அந்த இடத்துக்கே உரிய கொச்சையைப் பிசகாமல் பேசித்தான் காட்ட முடியும். தெரியாமல் பேசுகிற புதியவனைக் கேலி செய்து துரத்துவார்கள். கற்றுக்கொள்கிறவன் முதலில் பகடிக்காகத்தான் அந்த வசைச்சொற்களைச் சொல்கிறான். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிடுகிறது. 'டெய்லி ஸ்டார்மர்' என்ற நாஜித் தளம் தன் எழுத்தாளர்களுக்குக் கொடுத்திருந்த விதிமுறைக் குறிப்பு 2017-ல் வெளியே கசிந்தது. வெளியாள் படித்தால் இது வேடிக்கையா நிஜமா என்று தெரியக் கூடாது என்பது அதில் எழுத்திலேயே இருந்தது. சிரிப்பு என்பது தற்செயலாக அங்கே வந்ததல்ல, திட்டமிட்டுச் செய்த வாசல்.

ஃபோர்சேனின் அரசியல் பலகையில் இன்னொரு ஏற்பாடு உண்டு. பெயர் இருக்காது, ஆனால் பதிவுக்குப் பக்கத்தில் எழுதியவரின் நாட்டுக் கொடி இருக்கும். ரைக்கரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வறையை வடிவமைத்திருந்தால் இப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். தனி ஆளைக் காட்டும் அடையாளத்தை முழுக்க எடுத்துவிட்டு, கூட்டத்தைக் காட்டும் அடையாளத்தை மட்டும் விட்டுவைப்பது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பலகையின் சுமார் 80 லட்சம் பதிவுகளைச் சலித்துப் பார்த்தது. 12 சதவீதத்தில் வெறுப்புச் சொற்கள் இருந்தன. ட்விட்டரில் எடுத்த மாதிரியில் அது 2.2 சதவீதம். அதே மனிதர்கள் புழங்கும் இணையம்தான். இடம் வேறு, வழக்கம் வேறு.

*

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர் பள்ளிவாசல். தொழுகை நேரம். வாசலருகே நின்ற ஒரு முதியவர், உள்ளே வந்தவனைப் பார்த்து "வாங்க, சகோதரரே" என்ற பொருளில் வரவேற்றார். வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. அங்கும் லின்வுட் பள்ளிவாசலிலும் சேர்த்து 51 பேர் செத்தார்கள். சற்று முன்னால்தான் அவன் 'எய்ட்சேன்' என்ற பெயரிலிப் பலகையில் தான் செய்யப்போவதைச் சொல்லி, முகநூல் நேரலைக்குச் சுட்டி கொடுத்திருந்தான். நேரலை 17 நிமிஷம் ஓடியது. நேரடியாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் முகநூல் மட்டும் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது. கொலையைப் பார்த்தவர்களைவிட அதை வெட்டி ஒட்டி மறுபடி மறுபடி ஏற்றியவர்களின் கைகள்தான் எனக்கு அதிக அச்சம் தருகின்றன. அவர்களில் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை.

அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு யூத வழிபாட்டுத் தலத்தில், ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ கடைத்தொகுதியில் என்று அதே பலகையில் அறிவித்துவிட்டுச் சுட்டவர்கள் வந்தார்கள். எல் பாசோவில் 23 உயிர். 2013-ல் எய்ட்சேனைத் தொடங்கிய ஃப்ரெட்ரிக் பிரென்னன், அந்தத் தளத்தை மூடிவிடுங்கள் என்று தானே வெளிப்படையாகக் கேட்டார். 2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் மளிகைக் கடையில் 10 பேரைக் கொன்றவன் வயது 18. கொரோனா முடக்கத்தில் பொழுது போகாமல் ஃபோர்சேனுக்குப் போனதாக எழுதி வைத்திருந்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, எல்லோரையும் சொந்தப் பெயரில் பேச வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பு. ஒரு காலத்தில் எனக்கும் அப்படித் தோன்றியது. அதைச் செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. தென்கொரியா 2007-ல் பெரிய தளங்களில் கருத்து எழுதுகிறவர்கள் தங்கள் அசல் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. வசைப் பதிவுகளின் சரிவு ஒரு சதவீதப் புள்ளியைக்கூட எட்டவில்லை. மாறாக, இப்படிச் சேர்த்து வைத்த அடையாளத் தகவல்கள் திருடர்களுக்குப் புதையலாயின. 2011-ல் நடந்த ஒரே திருட்டில் 3.5 கோடிப் பேரின் விவரம் போனது. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. ஜெர்மனியில் இணைய மனுக்களின்கீழ் எழுதப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அங்கே பெயர் போட்டு எழுதியவர்களே அதிகக் கடுமையாக எழுதியிருந்தார்கள். தாங்கள் நியாயத்துக்காகப் பேசுகிறோம் என்று நம்புகிறவர்களுக்கு ஒளிய வேண்டிய தேவை இல்லை, அவர்கள் பெயரைப் பெருமையாகவே போடுவார்கள்.

2017 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் தீப்பந்தம் ஏந்திப் போன வெள்ளை இனவெறியர்களில் பெரும்பாலோர் முகத்தை மூடவில்லை. மாதக்கணக்காகப் புனைபெயர்களில் டிஸ்கார்ட் அரட்டை அறைகளில் திட்டமிட்டவர்கள் அவர்கள். பெயரில்லாத இடத்தில் ஊறிய நம்பிக்கை முற்றிய பிறகு, முகமூடி தேவைப்படவில்லை. கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனை விசாரித்த நியூசிலாந்து அரச ஆணையத்திடமும், தீவிரத் தளங்களில் அதிகம் எழுதியதில்லை, யூடியூப்தான் தனக்கு முக்கிய ஊற்று என்று அவன் சொன்னான். யூடியூபில் அந்தக் கருத்துகளைப் பேசுகிறவர்கள் முகம் காட்டி, பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

சரி, எது வேலை செய்கிறது?

ஹைஃபா பல்கலைக்கழகத்தின் நோம் லபிடோட்-லெஃப்லரும் அசி பராக்கும் 142 பேரை இரண்டிரண்டு பேராகக் கணினி அரட்டையில் மோதவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்து ஒரே ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது. இருவரும் தம் தம் நண்பருக்காக வாதாட வேண்டும். சில ஜோடிகளுக்குப் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலர் ஒருவரையொருவர் பார்க்கலாம், சிலர் பார்க்க முடியாது. சிலருக்கு மட்டும் கேமரா கண் மட்டத்தில் வைக்கப்பட்டிருந்ததால் கண்ணோடு கண் பார்த்தே தட்டச்சு செய்தார்கள். வசையைக் கூட்டுவதில் பெயரின்மையைவிட, கண்ணைப் பார்க்காததே பெரிய காரணமாக இருந்தது. 2012-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, "மூஞ்சியப் பாத்துச் சொல்லு பாப்போம்" என்று நம் தெருச் சண்டைகளில் கேட்கிற வார்த்தை எனக்கு நினைவுக்கு வந்தது.

கெவின் மங்கர் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு காரியம் செய்தார். கறுப்பினத்தவரைக் குறிக்கும் மிக இழிவான சொல்லால் பிறரைத் திட்டிக்கொண்டிருந்த வெள்ளை ஆண்களுக்கு, தான் உருவாக்கிய போலிக் கணக்குகளிலிருந்து ஒரே ஒரு செய்தி அனுப்பினார். நீ இப்படிப் பேசினால் புண்படுகிறவர்கள் நிஜ மனிதர்கள், ஞாபகம் வைத்துக்கொள் என்பது அதன் பொருள். சில கணக்குகளில் வெள்ளை முகம், சிலவற்றில் கறுப்பு முகம். சிலவற்றுக்குப் பின்தொடர்பவர்கள் நிறைய, சிலவற்றுக்குச் சொற்பம். வெள்ளை முகமும் நிறையப் பின்தொடர்பவர்களும் உள்ள கணக்கிலிருந்து வந்த கண்டிப்புக்குத்தான் அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அடங்கினார்கள். 2017-ல் வெளியான முடிவு இது. வசைக்கு ஆளான இனத்தவர் சொன்னபோது கேட்காதவர்கள், தம் இனத்தவன் சொன்னபோது கேட்டார்கள். வருத்தமான விஷயம்தான். ஆனாலும் வேலையை யார் செய்ய வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்படிப் பேசுகிறவர்கள் கூடும் அறையை மூடுவதும் வேலை செய்கிறது, ஓரளவுக்கு. ரெடிட் 2015-ல் இரண்டு வெறுப்புக் குழுக்களை மூடியது. அந்தப் பயனர்களில் பலர் தளத்தை விட்டே போனார்கள். மற்ற குழுக்களுக்கு நகர்ந்து தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தது 80 சதவீதம் சரிந்ததாக ஈஷ்வர் சந்திரசேகரனும் சகாக்களும் கண்டார்கள். அதே மனிதர்கள், அதே புனைபெயர்கள். புது இடத்தின் மட்டுறுத்துநர்கள் அந்தப் பேச்சை விடவில்லை. பின்னால் வேறு குழுக்கள் மூடப்பட்டுத் தனித்தளம் அமைத்துக்கொண்டபோது, ஆள் குறைந்தது, மிஞ்சியவர்களின் விஷம் கூடியது. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும். என் கணக்கில், புதிய பையன்கள் தடுக்கி விழும் வாசல் குறைவதே பெரிய லாபம்.

ஸ்டார்ம்ஃபிரன்டைத் தொடங்கிய டான் பிளாக்கின் பிள்ளை டெரெக், சின்ன வயதிலேயே அத்தளத்தின் குழந்தைகள் பக்கத்தை நடத்தியவர். 2010-ல் ஃபுளோரிடாவில் நியூ காலேஜில் சேர்ந்தபோது அங்கே யாருக்கும் அது தெரியாது. அடுத்த வருஷம் தெரிந்தது. பலர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மேத்யூ ஸ்டீவன்சன் என்ற யூத மாணவர் மட்டும் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஓய்வுநாள் சடங்குச் சாப்பாடு அது. மேஜையைச் சுற்றிப் பல நாட்டு, பல மத மாணவர்கள். டெரெக் ஒரு பாட்டில் ஒயினோடு போனார். முதலில் யாரும் அவர் கொள்கையைப் பற்றி வாயெடுக்கவில்லை. வாரா வாரம் போனார். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு தோழி பொறுமையாக ஆதாரங்களோடு வாதாடினார். 2013-ல் டெரெக் வெள்ளை இனவாதத்தைக் கைவிடுவதாகப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். பிறந்த அறையை விட்டு இன்னொரு அறைக்குள் வந்து உட்கார இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எல்லோருக்கும் இப்படி ஒரு மேஜை கிடைக்காது என்பது தெரியும். விலக்கியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காட்டிய கோபமும் சேர்ந்துதான் தன்னை அசைத்தது என்று டெரெக்கே பின்னாளில் சொன்னார்.

*

முகமூடியைக் கழற்றும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்பது மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு அமெரிக்க நீதிமன்ற வரலாற்றில் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பஃபலோ நகரில் தொடங்கியது. 2022-ல் பத்துப் பேர் மாண்ட அதே பஃபலோ. 1924-ல் அங்கே கிளான் அலுவலகத்திலிருந்து உறுப்பினர் பட்டியல் திருடப்பட்டு, ஊரறிய வெளியானது. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லாம் பட்டியலில் இருந்தார்கள். அந்த நகரில் கிளான் சீக்கிரமே சிதறிப்போனது. அதற்கு முந்தைய வருஷமே நியூயார்க் மாநிலம் இத்தகைய அமைப்புகள் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. கிளான்காரர் ஒருவர் எதிர்த்து வழக்காடினார். 1928-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

இரண்டாவது அலபாமாவில். கிளானின் அட்டூழியம் தாங்காமல் 1949-ல் முகமூடிக்குத் தடை போட்ட மாநிலம் அது. 1956-ல் அதே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன், கறுப்பின உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்திடம் அதன் உறுப்பினர் பட்டியலைக் கேட்டார். மற்ற ஆவணங்களைத் தந்த சங்கம், சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் தர மறுத்தது. பெயர் வெளியானால் வேலை போகும், கடனை நிறுத்துவார்கள், வீட்டில் குண்டு விழும். அந்த வருஷம் ஜனவரியில்தான் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு விழுந்திருந்தது. நீதிமன்றம் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அப்போதும் தரவில்லை. 1958 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பட்டியலைக் கேட்க மாநிலத்துக்கு உரிமை இல்லை என்றது. நீதிபதி ஜான் ஹார்லன் எழுதிய அந்தத் தீர்ப்பு 1928 தீர்ப்பை மறக்கவில்லை. கிளான் வன்முறையிலும் மிரட்டலிலும் இறங்கிய அமைப்பு, இதை அதோடு ஒப்பிட முடியாது என்று வேறுபடுத்திக் காட்டியது. பெயரை மறைத்தார்களா என்பதை விட்டுவிட்டு, மறைவில் இருந்து என்ன செய்தார்கள் என்று பார்த்தது.

அதன் பிறகும் அலபாமா விடவில்லை. சங்கம் மறுபடி மறுபடி உச்ச நீதிமன்றப் படியேறி, எட்டு வருஷத் தடைக்குப் பிறகு 1964-ல்தான் அந்த மாநிலத்தில் மீண்டும் இயங்க முடிந்தது. பட்டியலைக் கடைசி வரை கொடுக்கவில்லை.